புதுப்பிக்க மறந்த சூப்பர் மார்க்கெட்

கதவு தானாகத் திறந்ததும் முதலில் உறைப்பது வெளிச்சம்தான். எல்இடியின் பளிச் வெள்ளை இல்லை. லேசாகப் பச்சை ஓடிய, கொஞ்சம் சோர்ந்த வெள்ளை. தலைக்கு மேல் வண்டு முரல்வதுபோல ஒரு ரீங்காரம். பின்சுவரில் பழுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று மூன்று பட்டைகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுகின்றன. அவற்றின் மேல் ஓரடி உயரத்தில் இறைச்சிப் பகுதியின் பெயர், தெர்மாகோல் எழுத்துகளில். ஓர் எழுத்து சற்றே சாய்ந்திருக்கிறது. சாய்ந்து எத்தனை வருடம் ஆயிற்றோ.

அமெரிக்காவின் சிற்றூர்களில் இப்படிப்பட்ட கடைகள் இன்னமும் அங்கங்கே உண்டு. 1970களிலோ 80களிலோ ஒருமுறை அலங்கரித்து, அதன்பின் அலமாரியில் சாமான் மட்டும் மாறி, சுவர் மாறாமல் நின்றுவிட்டவை. இவற்றைத் தேடிப் போய்ப் பார்ப்பவர்கள், படமெடுப்பவர்கள், எந்தச் செயின் (ஒரே பெயரில் பல ஊர்களில் கடை நடத்தும் நிறுவனம்) எந்த ஆண்டில் எந்த நிறத்தைப் பூசியது என்று கணக்கு வைப்பவர்கள் என ஒரு தனிக் கூட்டமே இருக்கிறது. ஒவ்வோர் அலங்காரத் தொகுப்புக்கும் அவர்களாகவே பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஏன் இந்தப் பித்து என்று கேட்டால், சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போன கடை என்பார்கள். அது பாதி உண்மை. அந்த அலங்காரம் வந்தபோது பிறந்தே இராத இருபது வயதுப் பிள்ளைகளும் அதே சுவருக்கு முன்னால் கைபேசியைத் தூக்கிப் பிடிக்கிறார்களே, அவர்களுக்கு அங்கே எந்த அம்மாவின் நினைவும் கிடையாது. மீதிப் பாதி அந்தப் பொருள்களில் இருக்கிறது: அந்தத் தரையும் விளக்கும் சன்மைக்காவும் மூப்படையும் விதத்தில்.

வெளிச்சத்திலிருந்தே தொடங்கலாம். அக்காலக் கடைகளில் எரிந்தது டி12 குழல். அந்த எண் குழலின் விட்டம். அங்குலத்தை எட்டாகப் பிரித்து எண்ண வேண்டும். 12 என்றால் ஒன்றரை அங்குலம். நம் வீடுகளில் எரிந்த பழைய தடித்த 40 வாட் டியூப்லைட்டும் இதே பருமன்தான். சூப்பர் மார்க்கெட்டுக்கு நான்கடி போதாது. எட்டடி நீளம், முனைக்கு ஒரே ஊசி, 75 வாட். வாசலிலிருந்து பின்சுவர்வரை கோடு இழுத்ததுபோல வரிசை வரிசையாக. 'கூல் ஒயிட்' என்று விற்ற அந்தக் குழலின் உட்பூச்சு மஞ்சளையும் பச்சையையும் தாராளமாகக் கொடுத்துவிட்டுச் சிவப்பைக் கிள்ளிக் கொடுத்தது. நிறத்தை நிறமாகக் காட்டும் தகுதிக்கு 100 என்று வைத்தால் அதற்குக் கிடைப்பது 62 அளவில்தான். இறைச்சி அந்த வெளிச்சத்தில் சோகை பிடித்தாற்போலத் தெரியும் என்பதால் இறைச்சிப் பெட்டிக்குள் மட்டும் செந்நிறம் கூடிய வேறு குழல் போட்டார்கள். பகல் வெளிச்சத்துக்கென்று செய்த ஃபிலிமில் அந்தக் கடையைப் படமெடுத்தால் முழுக் கடையும் பச்சையாக விழும். பழைய ஆல்பங்களில் கடையும் அலுவலகமும் அப்படித் தெரிவது இதனால்தான். அன்று குறை, இன்று கைபேசியில் ஃபில்டர் போட்டு வரவழைக்கிறோம்.

ரீங்காரம் சோக்கிலிருந்து வருகிறது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். சோக்குக்குள் அடுக்கிய இரும்புத் தகடுகள் அதற்கு இரட்டிப்பாக, நொடிக்கு 120 முறை அதிர்கின்றன. தகடுகளைப் பிடித்து நிறுத்தும் தார் வயதாகி விட்டுக்கொடுத்தால் சத்தம் கூடும். சூடு மிஞ்சினால் தார் உருகிக் கூரைப் பலகையில் கறுப்பாகச் சொட்டும். 1979க்கு முன் செய்த சோக்கு என்றால் அதில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கக்கூடும்; அந்தக் கறையை வெறுங்கையால் துடைக்கக் கூடாது. பின்னால் வந்தவற்றின் மேல் 'பிசிபி இல்லை' என்றே அச்சடித்திருக்கும். டி12க்கான காந்தச் சோக்கு தயாரிப்பு 2010இலும், பெரும்பாலான டி12 குழல்களின் தயாரிப்பு 2012இலும் அரசு விதியால் நின்றன. இன்றைக்கும் அவை எரியும் கடை, கிடங்கில் மிச்சமிருக்கும் பெட்டிகளைக் கொண்டு காலம் தள்ளுகிறது என்று பொருள். பல கடைகளில் பழைய தகரத் தொட்டியை அப்படியே விட்டு எல்இடிக் குழலை மட்டும் மாட்டியிருப்பார்கள். சிக்கனமான வேலை. ஆனால் அன்றுதான் சுவரின் உண்மை நிறம் தெரிகிறது: எங்கே வெளுத்திருக்கிறது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்பதெல்லாம். பச்சை வெளிச்சம் முப்பது ஆண்டுகளாகச் சுவரின் குறைகளை மறைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறது.

இத்தகைய கடையில் படமெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஷட்டர் வேகத்தை 1/60 அல்லது 1/120இல் நிறுத்துங்கள்; அதைவிட வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழும். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50 அல்லது 1/100. வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் கேமரா பச்சையைத் 'திருத்தி' விடும். அந்தப் பச்சைக்காகத்தானே போனீர்கள். கடை தனியார் இடம்; மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பது முறை. வாடிக்கையாளர்களின் முகமும் பில் கவுண்டரில் நிற்பவரின் பெயர்ப்பட்டையும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி தரை. ஃபுளோரிடாவில் 1930இல் தொடங்கிய பப்ளிக்ஸ் கடைகளுக்கு நெடுங்காலம் அடையாளமாக இருந்தது டெராஸோ தரை. பெயர் அந்நியமாக இருக்கலாம். பொருள் நமக்குப் பழகியது. நம் மொசைக் தரைதான். சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து கொட்டி, பகுதி பகுதியாகப் பிரிக்கப் பட்டை நட்டு (நாம் கண்ணாடிப் பட்டை வைப்போம், அங்கே பித்தளை அல்லது துத்தநாகம்), இறுகியபின் சொரசொரப்பான கல்லில் தொடங்கி வழவழப்பான கல்வரை மாற்றி மாற்றி அரைப்பது. பட்டை எதற்கு என்றால், தரை சுருங்கும்போது விரிசல் அந்தக் கோட்டிலேயே விழட்டும், நடுவில் ஓடாதிருக்கட்டும் என்பதற்காக. டிராலிச் சக்கரம் ஐம்பது ஆண்டு உருண்டாலும் மொசைக்கை மறுபடி அரைத்துவிட்டால் முகம் புதிதாகிவிடும். நம் வீடுகளில் மொசைக்கை மூடி விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டியவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தலாம்.

எல்லாரிடமும் அவ்வளவு பணம் இல்லை. பெரும்பாலான கடைகள் போட்டது வினைல் கலவை டைல்ஸ்: ஓரடிச் சதுரம், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு தடிமன். பேருக்குத்தான் வினைல், அதில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல் தூள். நிறம் மேலே பூசியதாக இல்லாமல் அடிவரை ஓடுவதால் தேயத் தேய அதே முகம் வந்துகொண்டே இருக்கும். ஆனால் துளைகள் நிறைந்தது. வெறுமனே விட்டால் அழுக்கைக் குடிக்கும். அதனால் மூன்று முதல் ஐந்து கோட்டிங் அக்ரிலிக் மெழுகு பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது, பிறகு நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்று ஓடும் இயந்திரத்தால் மெருகு போடுவார்கள். பழைய கடையில் தரை நனைந்தாற்போல மின்னுகிறதே, அந்தப் பளபளப்பு டைல்ஸின் சொத்து இல்லை, இரவுப் பணியாளரின் உழைப்பு. சோம்பல் பட்டால் என்ன ஆகும் என்பதும் அங்கேயே தெரியும். பழைய மெழுகை உரிக்காமல் அதன்மேலேயே பூசிக்கொண்டு போனால் அலமாரி அடியிலும் சுவரோரத்திலும் தேன் நிறத்தில் தடித்த படலம் சேர்ந்துவிடும்; காலடி படும் நடுப்பாதை மட்டும் வெளிறியிருக்கும்.

டைல்ஸ் ஒன்பது அங்குலச் சதுரமாக இருந்தால் உஷார். அந்த அளவு பழையது. அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், அடியில் உள்ள கறுப்புப் பசையிலும் கூட. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகச் சோதனைதான் வழி. உடையாமல் கிடக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. உடைத்தால், தேய்த்தால், இயந்திரத்தால் சுரண்டினால் இழை காற்றில் ஏறும். உரிமம் பெற்ற ஆட்களை வைத்து, பிளாஸ்டிக் திரை கட்டி அகற்றுவது பெருஞ்செலவு என்பதால் பலர் அதன்மேலேயே புது டைல்ஸை ஒட்டி மூடிவிடுவார்கள். கடையின் மூலையில் ஒரு டைல்ஸ் பெயர்ந்திருந்தால் அடியில் இன்னொரு நிறம் எட்டிப் பார்க்கும்.

இப்படி எட்டிப் பார்ப்பவைதான் பழைய கடையின் உயிர். தரையில் ஒரு சிவப்புப் பட்டை வளைந்து போய் ஒரு சிப்ஸ் அலமாரிக்கு அடியில் புகுந்து மறைகிறது என்றால், அந்த இடத்தில் முன்பு வேறொரு பகுதி இருந்தது. பில் கவுண்டருக்குச் சற்றுத் தள்ளி, சிமெண்டால் அடைத்த சிறு வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தால், பழைய கவுண்டர்களுக்கு மின்கம்பி வந்த குழாய்களின் வாய் அவை. ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் இருந்த மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் 1974 ஜூன் 26 அன்று ஒரு ஜூசி ஃப்ரூட் சூயிங்கம் கட்டு 67 சென்ட்டுக்கு ஸ்கேன் ஆனது. இன்று நாம் காணும் பார்கோடு விற்பனையில் எழுப்பிய முதல் ஓசை அதுவே. ஸ்கேனர் வந்த கடையெல்லாம் கவுண்டரை மாற்ற வேண்டி வந்தது. அந்தக் கருவி வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சுற்றி நின்ற சுவரையும் எழுத்தையும் யாரும் எடுத்து வைக்கவில்லை.

சுவருக்கு ஏன் இவ்வளவு பெரிய எழுத்து? 1916 செப்டம்பரில் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் பிக்லி விக்லி கடையைத் திறந்தபோது, வாடிக்கையாளர் தாமே கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே நடக்கலாம் என்பதே புதுமை. அடுத்த ஆண்டு அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அதுவரை மளிகைக் கடை என்றால் நம் செட்டியார் கடை மாதிரிதான். சீட்டை நீட்டினால் உள்ளிருந்து ஆள் எடுத்துக் கட்டிக் கொடுப்பார். ஆளை எடுத்துவிட்டால், 'அதோ அங்கே' என்று கைகாட்டுகிறவர் இல்லை. அந்த வேலை சுவரின் தலையில் விழுந்தது. கடை பெரிதாகப் பெரிதாகச் சுவர் சத்தமாகப் பேசியது. பெயர்ப்பலகை செய்பவர்களிடம் ஒரு கணக்குண்டு: பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. வாசலில் நிற்பவர் நூற்றிருபதடி தள்ளியுள்ள பின்சுவரைப் படிக்க வேண்டுமானால் ஓரடி எழுத்து. பழைய கடைகளில் எழுத்து எவ்வளவு உயரம் என்று பார்த்தே கடையின் ஆழத்தை ஊகிக்கலாம்.

அந்த எழுத்துகள் பெரும்பாலும் தெர்மாகோல். சூடேற்றிய கம்பியால் அறுத்து, முகத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தகடோ வண்ணமோ ஏற்றி, பசையால் சுவரில் ஒட்டியவை. எடை இல்லாததால் ஆணி வேண்டாம், மலிவு, தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தில் கடைந்ததுபோலத் தெரியும். பசை காய்ந்து பொடியும்போது ஒரு முனை மட்டும் விடுபட்டு எழுத்து சாய்கிறது. நல்ல மனதோடு அதைச் சரிசெய்யப் போகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று: கடையில் கிடைக்கும் ஸ்பிரே பெயின்டை நேராக அடிப்பது, அல்லது சன்மைக்கா ஒட்டும் பசையைத் தடவுவது. இரண்டிலும் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். கண்முன்னே எழுத்து குழிந்து போகும். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம், தெர்மாகோலுக்கென்றே விற்கும் பசை, இவை மட்டும்தான்.

நிறங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து வந்தவை. 1970களில் அமெரிக்க வீடுகளில் ஃபிரிட்ஜும் அடுப்பும் அவகாடோ பச்சையிலும் அறுவடை மஞ்சளிலும் வந்தன. கடையும் அதே உடுப்பை உடுத்தியது. மர வரி போட்ட சன்மைக்கா எங்கும். ஓரம் பெயர்ந்த சன்மைக்காவைப் பிய்த்து எறிய வேண்டியதில்லை. மேலே துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து அழுத்தினால் பழைய பசை இளகி மறுபடி பிடித்துக்கொள்ளும், தூசி புகாதிருந்தால். 1980களில் பழுப்பு போய் இளஞ்சிவப்பும் மயில்நீலமும் வந்தன, சுவர் நெடுக நியான் கோடும் வந்தது. அந்தப் பத்தாண்டின் கோணல் மாணலான வடிவங்களுக்கும் மிட்டாய் நிறங்களுக்கும் பெயர் கொடுத்தவர்கள் இத்தாலியின் மிலானில் 1981இல் கண்காட்சி வைத்த 'மெம்ஃபிஸ்' குழுவினர். சுயசேவைக் கடை பிறந்த ஊரின் பெயர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைச் சுவருக்கே திரும்பி வந்தது தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

நியானைப் பற்றி ஒரு வார்த்தை. குழாயில் நியான் வாயு மட்டும் இருந்தால் சிவப்பு. நீலத்துக்கு ஆர்கானும் ஒரு துளி பாதரசமும். மற்ற நிறங்கள் பெரும்பாலும் கண்ணாடியின் உட்பூச்சு செய்யும் ஜாலம். டிரான்ஸ்ஃபார்மர் 15,000 வோல்ட் வரை ஏற்றும். பாதிக் குழாய் மட்டும் மங்கி எரிந்தால் குளிரில் பாதரசம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கலாம்; முனை கறுத்திருந்தால் அந்தக் குழாயின் காலம் முடிகிறது; மொத்தமும் துடித்தால் டிரான்ஸ்ஃபார்மரையும் கம்பி இணைப்பையும் பார்க்க வேண்டும். குழாய் ஊதத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டதால், ஒரு துண்டு உடைந்தாலே பல கடைகள் முழு நியானையும் அணைத்துவிடுகின்றன. எரியாத நியான் கம்பிபோலச் சுவரில் தங்கிவிடும்.

காய்கறிப் பகுதிக்கு மேல் சாய்வாக ஒரு கண்ணாடி உண்டு. பத்து ஆப்பிளை இருபதாகக் காட்டும் பழைய வித்தை. காய்க்குத் தெளிக்கும் நீர்த்திவலை வருடக்கணக்கில் பட்டு ஓரமெல்லாம் ரசம் போயிருக்கும்.

பழைய கடையில் மிகவும் தொல்லை கொடுப்பது குளிர்ப்பெட்டி. அதில்தான் கதை அதிகம். பால், இறைச்சி வைக்கும் திறந்த பெட்டிகளுக்குக் கதவு கிடையாது. மேல்முனையில் உள்ள தேன்கூடு போன்ற சல்லடை வழியே குளிர்காற்று திரைபோல இறங்கி, கீழ்முன் உள்ள கம்பி வாயில் புகுந்து மறுபடி சுற்றும். அந்தக் காற்றுத் திரைதான் கதவு. தேன்கூட்டில் தூசி அடைத்தால் திரை கிழிகிறது. கோட்டைத் தாண்டிச் சாமான் அடுக்கினாலும், கீழ்வாயில் விலைச்சீட்டும் கீரை இலையும் சிக்கினாலும் அதேதான். கடையின் ஈரக்காற்று உள்ளே போய்க் குளிரூட்டும் குழாய்ச் சுருளில் பனியாகப் படிகிறது. பனி படிந்த சுருள் குளிரைக் கொடுக்காது. பெட்டியின் வெப்பம் சட்டம் சொல்லும் 5 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. பனியை உருக்கினால் தண்ணீர் வடிகாலுக்குப் போக வேண்டும். வடிகாலில் அதே கீரை இலை. தண்ணீர் பெட்டி அடியில் கசிந்து டைல்ஸின் பசையை ஊறவைத்துத் தரையைத் தூக்குகிறது. பழைய கடையில் இறைச்சிப் பெட்டிக்கு முன்னால் மட்டும் நான்கைந்து டைல்ஸ் வேறு நிறத்தில் இருப்பதன் காரணம் இந்தச் சங்கிலிதான். அதே நிற எண்ணில் டைல்ஸ் வாங்கியிருப்பார்கள். வேறு தொகுதியில் வார்த்த டைல்ஸ் ஒரு மாற்றுக் குறைவாகத்தான் வரும்.

பெட்டியின் ஓரத்தில் உள்ள தகட்டைப் பாருங்கள். ஹஸ்மன், டைலர், ஹில் போன்ற பெயர்களும் மாடல் எண்ணும் எந்தக் குளிர்வாயு என்பதும் இருக்கும். ஆர்-12 அல்லது ஆர்-502 என்றிருந்தால் பெட்டி 1995க்கு முந்தையது என்று சொல்லிவிடலாம்; ஓசோனைக் கெடுக்கும் அந்த வாயுக்களின் தயாரிப்பு அந்த ஆண்டு முடிவோடு அமெரிக்காவில் நின்றது. ஆர்-22க்கு 2020 ஜனவரி 1 கெடு. கசிவு ஏற்பட்டால் மறுசுழற்சி செய்த வாயுவையோ முன்பே தயாரித்து இருப்பில் உள்ளதையோதான் வாங்கி நிரப்ப முடியும். பழைய கடைகள் மூடப்படும் நாளைத் தீர்மானிப்பது பல நேரம் சுவரின் நிறம் இல்லை, பின்னறையில் ஓடும் கம்ப்ரஸர்.

கடையின் வயதைக் கண்டுபிடிக்கச் சில குறுக்கு வழிகள் உண்டு. தீயணைப்புக்காகக் கூரையில் தொங்கும் ஸ்பிரிங்ளர் தலை ஒவ்வொன்றிலும் தயாரித்த ஆண்டு பொறித்திருக்கும். கைபேசியின் ஜூமை நீட்டினால் படிக்கலாம். கழிப்பறையில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதன் பீங்கான் மூடியைத் திருப்பிப் பாருங்கள், வார்த்த தேதி இருக்கும். (திருப்பும்போது உடைத்துவிடாதீர்கள், வெளியே ஆள் காத்திருக்கும்போது செய்யாதீர்கள்.) இவை இரண்டும் ஒத்துப்போனால் கட்டட வயது அநேகமாக அதுதான். கழிப்பறை மட்டும் இளையது என்றால் இடையில் ஒரு பராமரிப்பு நடந்திருக்கிறது. மாவட்டச் சொத்துப் பதிவேட்டில் கட்டிய ஆண்டு கிடைக்கும். உள்ளூர்ச் செய்தித்தாளின் பழைய திறப்பு விழா விளம்பரம் கிடைத்தால் அன்றைய முட்டை விலையும் சேர்த்துக் கிடைக்கும்.

வெளியில் நின்றே சொல்லிவிடக்கூடிய கடைகளும் உண்டு. 1859இல் தேயிலை வியாபாரமாகத் தொடங்கிய ஏ அண்ட் பி என்ற மளிகைச் செயின், தன் நூற்றாண்டை ஒட்டிக் கட்டிய கடைகளுக்குச் செங்கல் முகப்பும், கூரை உச்சியில் சிறு கோபுரமும், அதன்மேல் காற்றுத்திசை காட்டியும் வைத்தது. குடியேற்றக் கால வீட்டின் சாயல். 2015இல் அந்தச் செயினே இல்லாமல் போய்விட்டது. கோபுரங்கள் போகவில்லை, அடியில் இன்று மருந்துக் கடையோ வேறெதுவோ நடக்கும், உச்சி மட்டும் ஏ அண்ட் பி என்று சொல்லிக்கொண்டிருக்கும். இன்னொரு செயினான சேஃப்வேயின் அடையாளம் 1959இல் சான் பிரான்சிஸ்கோவின் மரீனா பகுதியில் எழுந்த வளைவுக் கூரை. முன்புறம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே தூண் இல்லாத கூடம். குரோகர் என்ற செயின் 1970களின் பிற்பாதியிலிருந்து வாசலில் சாய்வுக் கண்ணாடி வைத்துப் பசுமைக்குடில் போலக் கட்டியது. அழகுதான், ஆனால் அந்தச் சாய்வுக் கண்ணாடியின் இணைப்பு ரப்பர் வெயிலில் காய்ந்தால் மழைத்தண்ணீர் டிராலி நிறுத்தும் இடத்தில் விழும்.

இத்தனை பழசும் ஏன் மிஞ்சியது? யாரும் பாசத்தால் காப்பாற்றவில்லை. அமெரிக்க மளிகை வியாபாரத்தில் நூறு டாலருக்கு விற்றால் கையில் நிற்பது ஒன்றிரண்டு டாலர். கூட்டம் வரும் ஊரில், எதிரில் புதுக்கடை திறந்த ஊரில், செயின்கள் ஏழு, பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முகத்தை மாற்றுகின்றன. ஒரே கடை உள்ள சிற்றூரில் யாருக்காக மாற்ற வேண்டும்? கட்டடம் வாடகைக்கு, ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு ஆண்டு என்றால் யாரும் பணம் போட மாட்டார்கள். சட்டமும் ஒரு காரணம். 1990இன் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, கடையின் முக்கியப் பகுதியை மாற்றிக் கட்டினால் அதற்குச் செல்லும் வழியும் கழிப்பறையும் சக்கர நாற்காலிக்கு ஏற்றதாக வேண்டும்; அந்த மாற்றச் செலவில் 20 சதவீதம் வரை இதற்கு ஒதுக்க வேண்டும். நியாயமான சட்டம். ஆனால் சுவரைத் தொட்டால் கழிப்பறை, தரையைத் தொட்டால் ஆஸ்பெஸ்டாஸ், கூரையைத் தொட்டால் மின்சார விதி என்று ஒன்றை இழுத்தால் ஒன்று வரும்போது, கைவைக்காமல் விடுவதே லாபம் என்று கணக்கர் சொல்லிவிடுகிறார். அலட்சியமும் கஞ்சத்தனமும் சேர்ந்து நடத்தும் அருங்காட்சியகம் அது.

விதிவிலக்காக ஒன்று சொல்லலாம். பப்ளிக்ஸ் வாசலில் நிற்கும் ஆளுயர எடைக்கருவி. காசு கேட்காது, ஏறி நின்றால் பெரிய வட்ட முகத்தில் முள் நகரும். நம் ரயில் நிலையங்களில் காசு போட்டால் எடையோடு சோதிடமும் அச்சடித்துத் தந்த கருவியின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கடைகள் தரையையும் சுவரையும் பலமுறை மாற்றியும் இதை மட்டும் பழுது பார்த்துப் பார்த்து வைத்திருக்கின்றன, வாடிக்கையாளர் விடாததால்.

இன்றைய புதுப்பிப்பு எப்படி நடக்கிறது? டைல்ஸை உரித்துக் கீழே உள்ள கான்கிரீட்டையே அரைத்து மெருகு ஏற்றுகிறார்கள். ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றிக் குழாய்களோடு சேர்த்துக் கறுப்பு அடிக்கிறார்கள். சுவரில் சாம்பல் நிறம். அதன்மேல் அச்சடித்து ஒட்டிய வினைல் படம்: தக்காளி, கோதுமைக் கதிர், மரப்பலகையின் புகைப்படம். செலவு குறைவு, ஓரிரவில் மாற்றலாம், பராமரிப்பு எளிது. கடைக்காரரின் பக்கம் நின்று பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வினைல் மூப்படையத் தெரியாதது. ஓரம் சுருளும், நிறம் போகும், உரித்து வேறொன்றை ஒட்டுவார்கள். அடியில் எதுவும் மிஞ்சாது. நாற்பது ஆண்டு கழித்து அதைத் தேடி யாரும் வருவதற்கு அது நாற்பது ஆண்டு நிற்க வேண்டுமே.

பழைய கடை மூடுவதாக அறிவிப்பு வந்தால், கடைசி வாரத்தில் தட்டுமுட்டுச் சாமான்களும் விற்பனைக்கு வரும். அலமாரி, தராசு, டிராலி எல்லாவற்றிலும் விலைச்சீட்டு தொங்கும். சுவர் எழுத்துகளில் பெரும்பாலும் தொங்காது. அவற்றை விற்கலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. கேட்டால் கொடுப்பார்கள். வேண்டுமானால் ஏணி, தடித்த மீன்பிடி நரம்பு, இரண்டு பேர். எழுத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. தெர்மாகோல் பாதியாக முறியும், இல்லையேல் சுவர்ப்பலகையின் காகிதம் உரிந்து கூடவே வரும். நரம்பின் இரு முனைகளையும் கட்டையில் சுற்றிப் பிடித்து, எழுத்துக்குப் பின்னால் மேலிருந்து நுழைத்து, ரம்பம் அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இறங்க வேண்டும். கீழ்முனை வரும்போது இன்னொருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். ஓரெழுத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். எடுத்தபின் சுவரில் அதே வடிவத்தில், வெயிலும் விளக்கும் படாத ஆரஞ்சு நிறம், பூசிய அன்று இருந்ததுபோலப் பளிச்சென்று இருக்கும். பெயர் போனபின்னும் படிக்க முடிகிற அந்தத் தழும்பைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து வாடகைக்கு வருபவர் முதலில் செய்வது வெள்ளையடிப்பதுதான்.